அழகு டப்பாக்களும் அரிசி வண்டுகளும்



அண்மைக் காலமாக நம் அடுக்களைகளுக்குள் ஒரு புதுமோகம் நுழைந்திருக்கிறது. ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிற மூடி கொண்ட ஒளிபுகும் டப்பாக்களை இருபது, முப்பது என்று வாங்குகிறார்கள். அரிசி முதல் ஓமம் வரை எல்லாவற்றையும் பொட்டலத்திலிருந்து அவற்றில் கொட்டுகிறார்கள். பிறகு கதவில்லாத அடுக்குப் பலகையில் அவற்றை அணிவகுத்து நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டைக் கண்ட அடுத்த வீட்டாரும் வாங்குகிறார்கள். இணைய அங்காடிகளில் இந்த டப்பாக்கள் கட்டுக் கட்டாக விற்பனையாகின்றன.

சமையற்கட்டு அழகாக இருக்கலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதற்குப் பெயர்தான் ஒழுங்கு என்றும், மைலோ டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் பருப்பு போட்டு வைக்கும் பாட்டிக்கு ஒழுங்கு தெரியாது என்றும் பேசும்போது மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உணவுப்பொருள் வைக்கும் கலனுக்கு இரண்டே கடமைகள். ஒன்று, உள்ளே இருப்பதைக் காக்க வேண்டும். மற்றொன்று, உள்ளே இருப்பது என்ன, எப்போது வந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். காத்தல், சொல்லுதல். இவ்விரண்டையும் செய்யாத கலன் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது அலங்காரப் பொருளே தவிர அடுக்களைப் பொருள் அன்று. இன்றைய 'அழகு டப்பா' மோகம் இந்த இரண்டு கடமைகளிலும் தவறுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

நம் வானிலையை மறந்தால் எப்படி?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலாகவோ இருக்கிறது. பகல் வெப்பம் 31 முதல் 33 பாகை வரை. குளிரும் வறட்சியும் உள்ள நாட்டு வீட்டில் மாவைக் கண்ணாடிக் குடுவையில் திறந்த பலகையில் வைத்தாலும் பல மாதங்கள் கெடாமல் இருக்கலாம். நம் வீட்டில் இருக்குமா? உப்பு இரண்டே நாளில் கசிகிறது. சீனி கட்டியாகிறது. மூடியைச் சரியாக அழுத்தாத அப்பளம் மறுநாளே நமத்துப் போகிறது. இதெல்லாம் நாம் அன்றாடம் கண்ணால் காண்பதுதானே!

உணவுப்பொருளுக்கு நான்கு எதிரிகள்: ஈரம், ஒளி, காற்று, பூச்சி. ஒளிபுகும் டப்பா, பெயருக்கேற்றபடி, இரண்டாம் எதிரியை வாசலிலேயே வரவேற்று உள்ளே அனுப்புகிறது. மஞ்சளுக்கு நிறமும் குணமும் தரும் குர்குமின் ஒளி பட்டால் சிதையும். மிளகாய்த்தூளின் சிவப்பு ஒளியிலும் காற்றிலும் வெளிறும். எண்ணெய்ச் சத்துள்ள எள்ளும் நிலக்கடலையும் ஒளியும் வெப்பமும் சேர்ந்தால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். இவற்றையெல்லாம் சன்னல் ஓரத்திலோ, அடுப்பின் ஆவி படும் பலகையிலோ வரிசையாக நிறுத்திவிட்டு, "மசாலாவில் மணமே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று சொல்வது நியாயமா?

வண்டு எங்கிருந்து வருகிறது?

"காற்றுப் புகாத டப்பாதான் வாங்கினேன், அதிலும் வண்டு வந்துவிட்டதே" என்று பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். காரணம் எளியது. அரிசி வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து பறந்து வந்து நுழைவதில்லை. அரிசியோடு கூடவே வருகிறது. பெண் வண்டு தன் கூரிய மூக்கால் அரிசி மணியில் துளையிட்டு, அதற்குள் முட்டை வைத்து, பசை போன்ற பொருளால் துளையை அடைத்துவிடும். நம் கண்ணுக்கு அந்த மணி நல்ல மணியாகவே தெரியும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும். நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

ஆகவே, இறுக்கமான மூடி வண்டைத் தடுக்கும் என்பது பாதி உண்மையே. ஒரு டப்பாவில் தோன்றிய வண்டு அடுத்த டப்பாவுக்குப் போகாமல் அது தடுக்கும். உள்ளே வந்துவிட்ட முட்டையைக் கொல்லாது. அதற்குத் தேவை வேறு: அளவறிந்து வாங்குதல், பழையதை முதலில் தீர்த்தல், டப்பாவை அடி வரை காலி செய்து கழுவிக் காய வைத்தல்.

இங்கேதான் அழகு டப்பாவின் பெரிய தீங்கு வெளிப்படுகிறது. படத்தில் அழகாகத் தெரிய வேண்டுமானால் டப்பா எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்! பாதிக்குக் கீழே இறங்கியதும் புதுப் பொட்டலத்தைப் பிரித்து மேலே கொட்டுகிறார்கள். மேலிருந்து அள்ளுகிறோம், மேலேயே கொட்டுகிறோம். அடியில் உள்ள அரிசி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. அங்கே பிறக்கும் வண்டுக்கு மாதந்தோறும் புது விருந்து. டப்பா நிறைந்திருக்கிறது, ஆனால் ஒருநாளும் காலியாவதில்லை. காலியாகாத டப்பா கழுவப்படுவதில்லை. இதுவா ஒழுங்கு?

பூஞ்சணம் விளையாட்டன்று

வண்டு அருவருப்பானது, ஆனால் நஞ்சன்று. புடைத்து, கழுவிச் சமைத்துவிடலாம். பூஞ்சணம் அப்படியன்று. ஈரம் ஏறிய நிலக்கடலையிலும் சோளத்திலும் பிற தானியங்களிலும் வளரும் சிலவகைப் பூஞ்சணங்கள் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1960-இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஓர் இலட்சம் வான்கோழிகள் மாண்ட பிறகுதான் அறிவியல் உலகம் இந்த நஞ்சை அடையாளம் கண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சாதாரணச் சமையல் சூட்டில் இது அழியாது. வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக நீங்காது.

எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். 1988 அக்டோபரில் நம் பேராக் மாநிலத்தில், அரிசி மாவில் செய்த ஒருவகை மீயை உண்ட 13 பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். ஆய்வாளர்கள் அந்த மீயில் கலந்திருந்த அஃப்ளாடாக்சினையே காரணமாகச் சுட்டினர். அது வீட்டு டப்பாவில் நடந்ததன்று, கடையில் வாங்கிய உணவில் நடந்தது. இருந்தாலும் பாடம் ஒன்றே. தானியத்தில் ஏறும் ஈரத்தை அற்பமாக நினைக்கலாகாது. மக்கிய வாடை அடிக்கும் கடலையை, "மேலே மட்டும்தானே பூத்திருக்கிறது" என்று பொறுக்கி எடுத்துவிட்டுப் பிள்ளைக்கு வறுத்துக் கொடுப்பது சிக்கனம் அன்று. அதைக் குப்பையில் போடுவதே சிக்கனம்.

பெயரைத் தொலைத்த டப்பாக்கள்

இனி இரண்டாம் கடமைக்கு வருவோம். பொட்டலத்தை நாம் வெறும் உறை என்று நினைக்கிறோம். அது ஓர் ஆவணம். என்ன பொருள், யார் செய்தது, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்நாள் வரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. உணவுக்குச் சிட்டை வேண்டும் என்று சட்டம் போட்டு வற்புறுத்தி வாங்கிய உரிமை அது. நாமோ அழகுக்காக அந்த ஆவணத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பெயரற்ற டப்பாவில் பொருளைக் கொட்டுகிறோம்.

பிறகு என்ன நடக்கிறது? அரிசி மாவு, கோதுமை மாவு, சோள மாவு, மரவள்ளி மாவு ஆகிய நான்கும் ஒரே வகை டப்பாவில் வெள்ளையாக நிற்கின்றன. உப்பும் சீனியும் இரட்டைப் பிள்ளைகள் போல் நிற்கின்றன. ஆப்பச் சோடாவும் படிகாரத்தூளும் பக்கத்தில் பக்கத்தில். அடுக்களையை ஆள்பவருக்கு எது எது என்று தெரியலாம். அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால்? தந்தையோ பிள்ளையோ பாட்டியோ வந்து சமைத்தால்? வீட்டில் நிலக்கடலையோ கோதுமையோ ஒவ்வாத பிள்ளை இருந்தால், பெயரற்ற மாவு டப்பா வெறும் குழப்பம் அன்று, ஆபத்து.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைவிடக் கொடிய பாடம் நினைவிருக்கும். பாரகுவாட் என்னும் களைக்கொல்லி நம் தோட்டங்களில் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டது. ஒரு மிடறு போதும், உயிர் போகும். மாற்று மருந்து கிடையாது. அதைச் சிறு அளவில் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பதும், பானம் என்று நினைத்துக் குடித்து மாள்வதும் உலகின் பல நாடுகளில் நடந்தன. அதற்காகவே பின்னாளில் அதில் நீல நிறமும் துர்நாற்றமும் வாந்தி வரவழைக்கும் மருந்தும் சேர்க்க வேண்டி வந்தது. மலேசியாவில் 2020 சனவரி முதல் நாளிலிருந்து அது தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழக்கம் தடைசெய்யப்பட்டுவிட்டதா? இன்றும் எத்தனை வீடுகளில் வெளுப்பு நீரும் தரை கழுவும் திரவமும் கனிமநீர்ப் போத்தலில் பாத்திரத் தொட்டியின் அடியில் நிற்கின்றன! தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்குப் போத்தலின் வடிவம்தான் மொழி. அந்த மொழியில் நாம் பொய் சொல்லலாமா?

பாட்டியின் டின்னுக்காகச் சில சொற்கள்

நெம்பித் திறக்கும் மூடி கொண்ட மைலோ டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி புகாது. மூடி இறுக்கமாக உட்காரும். எலி கடிக்காது, கரப்பான் துளைக்காது. தனியே காசு கொடுத்து வாங்கியதும் அன்று. உணவுக்காகவே செய்யப்பட்ட கலன். காத்தல் என்னும் கடமையில், கடையில் ஐம்பது ரிங்கிட் கொடுத்து வாங்கும் பல டப்பாக்களை அது வென்றுவிடும். அதன் மேல் ஒட்டிய துண்டுத்தாளில் 'உளுந்து' என்று எழுதி நாளும் குறித்துவிட்டால் இரண்டாம் கடமையும் முடிந்தது. இதைப் பார்த்து வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் மூத்தோர் அரிசி டின்னை ஏன் அவ்வளவு கண்டிப்போடு காத்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், மலாயாவில் அரிசி அரிதாகி மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தார்கள். அந்தப் பசியைக் கண்டவர்களும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும் சிந்திய அரிசியைப் பொறுக்குவதில் வியப்பில்லை.

அதற்காகப் பழையது எல்லாமே சரி என்று நான் வாதிடவில்லை. சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும்.

- சாயம், உரம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் வைத்திருந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.
- துருப்பிடித்த டின் எவ்வளவு பாசத்துக்குரியதானாலும் விடைகொடுத்து அனுப்ப வேண்டியதே.
- பனிக்கூழ் டப்பாவின் மூடி காற்றை அடைக்காது. வெங்காயம், பூண்டு வைக்கலாம், மாவு வைக்கலாகாது.
- குறுகிய கழுத்துள்ள நீர்ப் போத்தலை உள்ளே தேய்த்துக் கழுவவும் முடியாது, முழுதாக உலர்த்தவும் முடியாது. பருப்புக்கு அது ஏற்றதன்று.

"ஆனால் ஐயா..." என்பவர்களுக்கு

*"ஒளிபுகும் டப்பாவில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்த்ததும் தெரியுமே?"* உண்மை, அது நல்ல வசதிதான். அப்படியானால் அதைக் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள். இருட்டும் கிடைக்கும், வசதியும் கிடைக்கும். படம் எடுக்கத்தான் முடியாது!

*"என் காசு, என் அடுக்களை, உங்களுக்கு என்ன?"* சரியான கேள்வி. ஆனால் பொருள் வீணாவது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கடைகளில் அரிசிப் பலகைகள் எப்படிக் காலியாயின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 சூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. உள்ளூர் அரிசி பல கடைகளில் கண்ணில் படவில்லை. அப்போது பயந்துபோய் ஐந்து மூட்டை வாங்கி அடுக்கியவர் வீட்டில் இரண்டு மூட்டை வண்டுக்குப் போனால், அந்த இரண்டு மூட்டையும் இன்னொரு வீட்டுக்குக் கிடைக்காமல் போன சோறு அல்லவா?

*"இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?"* முப்பது டப்பா வாங்கி, கழுவி, கொட்டி, அடுக்கி, படம் எடுக்க நேரம் இருந்ததே! ஒரு துண்டுத்தாளில் பெயரும் நாளும் எழுத அரை நிமிடம் போதும்.

என்ன செய்யலாம்?

1. அரிசி: ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். உலர்ந்த, ஒளிபுகாத, மூடி இறுகிய கலனில் தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். புதியதைக் கொட்டும் முன் பழையதை வேறு பாத்திரத்தில் எடுத்து, கலனைத் துடைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போடுங்கள். வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்கட்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும்.
2. பருப்பு, ரவை, மாவு: வாங்கியதும் பொட்டலத்தோடு ஒரு வாரம் உறைகுளிர்ப் பகுதியில் வைத்தால் முட்டைகள் மாளும். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும் வரை பிரிக்க வேண்டாம். பிரித்தால் ஈரம் படியும்.
3. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லித்தூள்: சிறிய டின் அல்லது நிறமுள்ள போத்தல். அடுப்புக்கு மேல் வேண்டாம். கொதிக்கும் சட்டியின் மேல் போத்தலைக் கவிழ்த்துத் தட்ட வேண்டாம், ஆவி உள்ளே போகும். உலர்ந்த கரண்டியால் எடுங்கள்.
4. உப்பு, புளி: கண்ணாடி அல்லது பீங்கான் சாடி. தகரமும் அலுமினியமும் இவற்றுக்கு ஆகா, அரித்துவிடும்.
5. நிலக்கடலை, நெத்திலி: சிறிதளவு வாங்கி, மூடிய கலனில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.
6. பொட்டலம்: கிழித்து எறிய வேண்டாம். பொட்டலத்தை மடித்துக் கவ்வி போட்டு அப்படியே டின்னுக்குள் வைக்கலாம். கொட்டத்தான் வேண்டுமென்றால் பெயரும் காலாவதி நாளும் உள்ள பகுதியை வெட்டி டப்பாவில் ஒட்டுங்கள்.
7. மூடி: 'காற்றுப் புகாது' என்று விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டாம். டப்பாவில் நீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். நீர் கசிந்தால் காற்றும் புகும்.
8. உணவல்லாதது: எந்த நிலையிலும் உணவுக் கலனில் வைக்க வேண்டாம். வாங்கிய போத்தலிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஓர் ஆசிரியரின் வேண்டுகோள்

உணவு எப்படிக் கெடுகிறது, எப்படிப் பதனிடுவது என்று தொடக்கப்பள்ளி அறிவியலில் நாங்கள் பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் விடையை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் முன்னே வைத்து, "இது எது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் "பருப்பு, ஐயா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, உளுந்து, கேழ்வரகு என்னும் பெயர்கள் அவர்களுக்குத் தேர்வுத்தாள் சொற்களாகக்கூட இல்லை. பெயரற்ற டப்பாக்கள் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பெயர் எங்கிருந்து தெரியும்?

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல், பேனாவையும் தாளையும் பிள்ளையிடம் கொடுங்கள். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகர்ந்து, தொட்டுப் பார்த்து, பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாங்கிய நாள், தீர வேண்டிய நாள் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் மீதம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். தமிழும் அறிவியலும் கணிதமும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும், பயிற்றி நூல் தேவையில்லை. அந்தக் கோணல்மாணல் எழுத்து உங்கள் அலமாரியின் அழகைக் கெடுக்காது. விலைக்கு வாங்கிய எந்தச் சிட்டையையும்விட அதுவே அழகு.

இன்று இரவு சமையல் முடிந்ததும் உங்கள் அலமாரியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மொத்தம் எத்தனை டப்பாக்கள்? அவற்றுள் பெயரும் நாளும் உள்ளவை எத்தனை? இரண்டு எண்களையும் மறுமொழியில் எழுதுங்கள். என் கருத்தை மறுப்பவர்களும் தாராளமாக எழுதலாம், ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்!